ஒரே எண்ணில் இரண்டு பார்ட்

மார்ச் 3, செவ்வாய்

பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நிறுத்திக் கேட்டார்: "லைப்ரரியில வேலை பாக்கறீங்களாமே, என் பொண்ணுக்கு ரெண்டு கதைப் புத்தகம் எடுத்துட்டு வாங்களேன்."

பதினோரு வருடமாக, ஒரு புத்தகம்கூட இல்லாத லைப்ரரியைக் கட்டிக் காக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? எலக்ட்ரானிக் போர்டில் உட்காரும் ஒவ்வொரு பார்ட்டுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு படம், ஒரு எண். எந்தக் கால் எங்கே போகவேண்டும் என்பது அந்தப் படத்தில் இருக்கும். அதை எடுத்துத்தான் போர்டு வரைவார்கள். படம் தப்பென்றால் போர்டும் தப்பு. "சரிங்க" என்று சொல்லிவிட்டு நழுவினேன். இனி புத்தகக் கடைக்குத்தான் போகவேண்டும்.

மார்ச் 4, புதன்

டிசைன் தலைவர் என் மேசைக்கே வந்தார். என்னைவிட எட்டு வயது சின்னவர். வந்து நின்ற விதத்திலேயே தெரிந்தது, வில்லங்கம் என்று.

குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் பெட்டிக்கு நாங்கள்தான் போர்டு செய்கிறோம். அதிலுள்ள ரெகுலேட்டர், மின்சாரத்தை அளவாக உள்ளே விடும் மூன்று கால் பார்ட், இனிமேல் வராதாம். பெயரின் கடைசியில் ஓர் எழுத்து மட்டும் கூடிப் புது வகை வருகிறது. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் கால் வரிசை தலைகீழ்.

"பழைய படத்து மேலயே புதுசை எழுதிடுங்க மேடம். எண் அப்படியே இருக்கட்டும்."

"ஸ்டோர்ல அதே எண்ல பழசு நாலாயிரம் இருக்கே சார்?"

"அதெல்லாம் பாத்துக்கலாம். புது எண் போட்டா ஒவ்வொரு போர்டுக்கும் திரும்ப ஒப்புதல் வாங்கணும். மூணு வாரம் போயிடும். ஒரு எழுத்துக்காகவா?"

"எழுத்துக்காக இல்ல சார். காலுக்காக."

பாத்துக்கலாமாம். யார் பார்ப்பது?

மார்ச் 5, வியாழன்

முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

கூட்டம். என் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பட்டப்பெயரை இன்று தலைவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "பூட்டம்மா ஒத்துக்கமாட்டாங்க." எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடியும்வரை காத்திருந்தேன்.

"படத்துல தப்பு இருந்து திருத்தினா அது அடுத்த பதிப்பு. எண் மாற வேண்டாம். இது திருத்தம் இல்ல சார், வேற பார்ட்டு. வந்த புது ஆளுக்குப் போன ஆளோட பேரை வைக்கச் சொல்றீங்க. நான் வைக்கமாட்டேன்."

அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. யாரும் என் பக்கம் பேசவும் இல்லை.

மார்ச் 7, சனி

வீட்டிலும் அதே பாட்டு. இவர் லிஃப்ட் மெக்கானிக். கைகழுவிக்கொண்டே ஆரம்பித்தார். "உனக்கு எதுக்கு இந்த வீம்பு? அவன் சொன்னான், செஞ்சேன்னு போயேன். தப்பானா அவன் தலை."

"உங்க லிஃப்ட்டுக் கயிறைப் பத்தி இப்படிச் சொல்வீங்களா?"

துண்டில் கையைத் துடைத்தார்.

அவருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் நானே இப்படி மேலெழுதியிருக்கிறேன். அவசரம், அடுத்தவர் நெருக்கடி, சாயங்காலம் ஐந்தரை. மூன்று போர்டு கருகின. பார்ட் சரியில்லை என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இதுவரை இந்த நோட்டில்கூட எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் லைப்ரரியைப் பார்க்கலாம், தொட முடியாது. என் உரிமையை எடுத்துவிட்டார்கள். "கொஞ்ச நாள் கீழ ஸ்டோர்ல உதவி பண்ணுங்க மேடம்" என்றார் தலைவர், உபசாரம் செய்கிற மாதிரி. பாத்ரூமில் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு கீழே இறங்கினேன்.

மதியத்துக்குள் படத்தை மாற்றிவிட்டார். என் பதினோரு வருடம் — போகட்டும்.

மார்ச் 11, புதன்

மடத்தனமாக அழுதிருக்கிறேன்! மேலே அவர்கள் என்ன வரைந்தாலும், பார்ட் என்பது இந்த ஸ்டோர் ஜன்னல் வழியாகத்தானே வெளியே போகவேண்டும்? என்னைக் கொண்டுவந்து சரியாக அந்த ஜன்னலில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

பழசும் புதுசும் ஒரே பெட்டியில் கிடந்தன. பிரித்தேன். பழசு இடது அலமாரி, சிவப்பு டேப். புதுசு வலது. யாரையும் கேட்கவில்லை.

மார்ச் 18, புதன்

புதுப் படத்தை வைத்து அச்சடித்த போர்டு வந்துவிட்டது. போர்டில் பார்ட்டைச் சால்டர் வைத்து ஒட்டும் பெண் சீட்டோடு வந்தாள். சீட்டில் எண் மட்டும்.

"எந்த வகைம்மா?"

"ஒரே எண்தானேக்கா? பழசை முதல்ல தீர்க்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லுது."

பழசு. புதுப் போர்டில். கால் தலைகீழாக உட்காரும்.

தலைவருக்கு போன் போட்டேன். "புதுசைக் குடுங்க, நான் சொல்றேன்ல" என்றார்.

"எழுதிக் குடுங்க சார். நாளைக்கு இந்த ஜன்னல்ல வேற யாராவது இருப்பாங்க."

எழுதமாட்டார். எழுதினால் இரண்டும் வேறு வேறு என்று அவரே ஒத்துக்கொண்டதாகிவிடும். நானும் கொடுக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

போர்டு தயாரிக்கும் லைன் நிற்கிறது. எல்லாரும் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்க்கிறார்கள். எரியட்டும்.

மார்ச் 20, வெள்ளி

முதலாளியம்மாவே கீழே வந்தார். பின்னால் தலைவர்.

"லைனை நிறுத்த நீங்க யாரு?"

"நிறுத்தலைங்க மேடம். எந்த வகைன்னு ஒரு கையெழுத்துக் கேட்டேன்."

தலைவர் குறுக்கே புகுந்தார். "மாறிப்போனாலும் சோதனையில தெரிஞ்சிடும் மேடம். இவங்க சும்மா பயமுறுத்தறாங்க."

"அப்படின்னா ஒரே ஒரு போர்டுல பழசை வெச்சுப் பாத்துடலாம்" என்றேன். சால்டர் பெண் அங்கேயே வைத்துக் கொடுத்தாள். மின்சாரம் கொடுத்ததும் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. எங்கள் சோதனை இரண்டு நிமிடம். இரண்டு நிமிடமும் எரிந்தது. தேறிவிட்டது.

தலைவர் சிரித்தார். நான்தான் தப்போ?

"அணைக்காதீங்க" என்றேன். "குழந்தை ரெண்டு நிமிஷத்துக்கா பெட்டியில இருக்கும்?"

நின்றோம். பன்னிரண்டாவது நிமிடம் முதலாளியம்மா மூக்கைச் சுருக்கினார். பிறகு எல்லோருக்கும் அந்த வாடை வந்தது. விளக்கு அணைந்தது. ரெகுலேட்டரைச் சுற்றிப் போர்டு கறுத்திருந்தது.

எனக்குச் சந்தோஷமே வரவில்லை. "ஆறு வருஷத்துக்கு முன்னால மூணு போர்டு கருகுச்சே மேடம், அது என்னாலதான். நானும் இப்படித்தான் மேலெழுதினேன்" என்றேன். ஏன் அப்போது சொன்னேன் என்று தெரியவில்லை. முதலாளியம்மா என்னைப் பார்த்தார். கருகிய போர்டை எடுத்துக்கொண்டு படியேறிப் போனார்.

மார்ச் 21, சனி

இவரிடமும் சொல்லிவிட்டேன், ஆறு வருடக் கதையை. "இதுக்குத்தான் இவ்வளவு வீம்பா" என்றார். பிறகு காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். குடித்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

முதலாளியம்மா உத்தரவில் இப்போது இரண்டு எண், இரண்டு படம். உரிமை திரும்பி வந்து பத்து நாளாகிறது. கிட்டத்தட்ட மூன்று வாரம் தாமதம்தான். உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. பழைய தப்புக்காக ஒரு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. நியாயம்தான், வாங்கிக்கொண்டேன்.

மேலே வந்துவிடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். படமும் பார்ட்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும். லைப்ரரி இனி ஸ்டோரில்தான்.

இன்று தலைவர் படியிறங்கி வந்தார். கையில் ஒரு புதுச் சென்சாரும் அதன் விவரத்தாளும். "இதுக்கு அடுத்த பதிப்பு போதுமா, புது எண் வேணுமா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

இங்கே நாற்காலி ஒன்றுதான். நான் எழுந்திருக்கவில்லை. தாளை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார்.