அத்தைக்கு டப்பா வேண்டாம்

பங்காய், ஹாபாய் தீவுகள்
நவம்பர் 9

அன்பு மகள் லோசலினிக்கு,

இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு நலமாக இருக்கிறோம், ஆக்லாந்தின் ஈரக்காற்றில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். நீ இல்லாமல் வரப்போகும் ஏழாவது கிறிஸ்துமஸ் இது. ஞாயிற்றுக்கிழமை மண்ணுக்குள் மூடிய அடுப்பைத் திறந்து சேம்பிலைப் பொட்டலங்களை எடுக்கும்போது அம்மா இன்னமும் உன்னையும் சேர்த்தே எண்ணி எடுக்கிறாள், பிறகு ஒன்றைத் திருப்பி வைக்கிறாள். நான் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன். நீ அனுப்பிய இறைச்சி டப்பாக்களைக்கூடக் காலியானதும் அவள் கழுவி அடுக்கி வைத்திருக்கிறாள், நீ தொட்டதாம்.

எங்களுக்குக் கிறிஸ்துமஸ் சாமான் நிரப்பிய டிரம் இருபத்தொன்றாம் தேதி கப்பலேறுகிறது என்று எழுதியிருந்தாய். அதற்குள் உனக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் இதை அங்கே வரும் போதகர் கையில் கொடுத்தனுப்புகிறேன். லவினியா அத்தைக்கென்று வாங்கிய பன்னிரண்டு மாட்டிறைச்சி டப்பாக்களையும் வெளியே எடுத்துவிடு. அத்தையின் இடது பாதத்தில் ஆகஸ்டில் வந்த கொப்புளம் இன்னும் ஆறவில்லை, சர்க்கரை. கிறிஸ்துமஸுக்குள் புண் மூடாவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று நர்ஸ் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அக்காவின் உடம்பைப் பற்றித் தம்பி வாய் திறக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும், எனக்கு வரும் செய்தியெல்லாம் அம்மா வழியாகத்தான். ஆனால் அவர் தட்டில் என்ன வைப்பது என்பது என் கையில்தான் இருந்தது. மூத்த அக்கா என்பதால் எந்த விருந்திலும் முதல் பொட்டலம் அவருக்கு, அதிலும் கொழுப்பு மிகுந்த ஆட்டு விலாத்துண்டு, தேங்காய்ப்பால் ததும்பத் ததும்ப. நாற்பது வருடமாக நானே பொறுக்கி வைத்தேன்.

போன ஞாயிறு சபை விருந்தில் அந்தப் பொட்டலத்தில் வேகவைத்த மீனும் கீரையும் அரைக் கிழங்கும் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "அண்ணிக்குப் போயி மீனா? ஊரே காறித் துப்பும்ங்க" என்றாள். மொசேசே சித்தப்பா பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி, "ஏண்ணே, அக்காவுக்கு வரவேண்டிய கொழுப்பு பூரா ஒனக்கு ஏறிடுச்சா?" என்றான், பந்தியே சிரித்தது. அக்கா பொட்டலத்தைப் பிரித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் எழுந்து போயிருந்தால் அதன்பிறகு நான் இந்த ஊரில் தலைகாட்டியிருக்க முடியாது. அவர் என் பக்கம் திரும்பவில்லை, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு முழுவதையும் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கும்படி சொன்னார்: "அவன்கிட்டச் சொல்லு. இத்தன வருஷமா எல்லாரும் எனக்கு மரியாத பரிமாறுனீங்க. இன்னைக்குத்தான் சாப்பாடு போட்டிருக்கான்."

நேற்று நர்ஸ் வந்து புண்ணை அளந்தார். பெரிதாகவில்லை என்றார். சிறிதாகியிருக்கிறது என்று சொல்லவில்லை.

டப்பா அனுப்பாவிட்டால் பாசம் குறைந்துவிட்டதாக அத்தை நினைப்பாரோ என்று உனக்குத் தோன்றும், அந்த மீனை வைக்கும்போது எனக்கும் தோன்றியது. நீயும் இரண்டு வேலைக்கு நடுவே வண்டியிலேயே நூடுல்ஸும் குளிர்பானமுமாக வயிற்றை நிரப்புவதாக எழுதியிருந்தாய், வாரத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்து மீன் சமைத்துச் சாப்பிடு. எங்கள் குடும்பத்து ரத்தம் உனக்கும் ஓடுகிறது. டிரம்மில் என்ன வரும் என்று நானும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை, எப்போது நீ வருவாய் என்றுதான் பேசிக்கொள்கிறோம்.

கடவுள் உன் நடையையும் வேலையையும் காக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே. டப்பாக்கள் இருந்த இடத்தில் அத்தைக்கு அகலமான மெத்தென்ற செருப்பு வாங்கி வை. ஜோடியாகவே வை.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
சேமிசி