தவக்காலத்துப் பிரியாணி

ஜெனோவா அப்பாவுக்கு,

விவாகரத்து ஆனது நமக்குள்ளதான், தவக்காலத்துக்கு இல்ல. கறி தொடக்கூடாத வெள்ளிக்கிழமை அதுவுமா பிள்ளைக்கு மட்டன் பிரியாணி வாங்கிக் குடுத்திருக்கீங்க. வீட்டுக்கு வந்ததுல இருந்து, "சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல அப்பாவையும் சொல்லணுமாம்மா?"ன்னு ஒரே அழுகை. நான் என்னத்தச் சொல்ல?

அப்புறம், நான் ஸ்கூட்டி பழகுறேன்னு அவ சொன்னதுக்கு, "ஒங்கம்மா உருட்டிட்டுத்தான் போவா"ன்னு சிரிச்சீங்களாமே. சிரிங்க. கல்யாணமான நாள்ல இருந்து ஒங்க வண்டியில பின்னாடி ஒருக்களிச்சு உக்காந்து, ஒங்க முதுகையே பாத்துட்டு வந்தவ நான். இப்பத்தான் எனக்கு ரோடு தெரியுது.

அடுத்த வாரம் பிள்ளையை நீங்க வீடு வரைக்கும் கொண்டாந்து விட வேணாம். கொடைரோடு ஸ்டேஷன் வாசலுக்கு நானே வண்டியில வாரேன். பழக்கதோசத்துல பின்சீட்டுல என்னைத் தேடாதீங்க.

இம்புட்டுத்தான்,
ஒங்க மகளோட அம்மா