கட்டிச் சோப்பும் குளியலறைத் தாழ்ப்பாளும்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. பெற்றவளுக்கு நான்கு பக்கம் அறிவுரை எழுதத் தெம்பிருப்பவள் நலமாகத்தான் இருப்பாள். மூன்று பக்கம் என் துணிச்சலைப் புகழ்ந்துவிட்டு, நான்காவதில் அண்ணன் சொல்வதைக் கேள் என்று முடித்திருக்கிறாய். சோப்புப் போடுவது என்று இதைத்தான் சொல்வார்கள். சோப்பை நான் உடம்புக்கு மட்டுமே ஏற்பேன்.

உன் அண்ணன் உனக்கு என்ன சொன்னானோ, நான் விழவில்லை. விழுந்தது சோப்பு. உறை பிரித்த புதுக்கட்டி கையிலிருந்து வழுக்கி வாளியில் போய் மோதியது. சத்தம் கேட்டு உன் அண்ணி அலற, அவன் தோளால் இடித்ததில் தாழ்ப்பாள் பிய்ந்து கதவு திறந்துகொண்டது. தலைமுதல் கால்வரை நுரையோடு நின்றவளிடம், "அம்மா, உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்றான். "ஒண்ணுமே இல்லாமத்தான்டா நிக்கிறேன், கதவைச் சாத்து" என்றேன்.

அதன் பிறகு தாழ்ப்பாள் திரும்ப வரவில்லை. சோப்பும் மறைந்து, அதன் இடத்தில் அழுத்தினால் துப்பும் ஒரு புட்டி வந்து நின்றது. என்னைக் குளிப்பாட்ட ஒரு செவிலிப் பெண்ணையும் பேசிவிட்டார்கள். அந்தத் திரவம் எத்தனை குவளை ஊற்றினாலும் வழவழப்பை விடுவதில்லை, குளித்தேனா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. கட்டிச் சோப்பு மட்டும் உத்தமமா என்றால் இல்லை. டப்பாவில் தண்ணீர் நின்றால் கூழாகும், மணம் பாதியிலேயே விடைபெறும், தேய்ந்த சில்லைப் புதியதன் முதுகில் ஒட்டினால் மறுநாளே கோபித்துக்கொண்டு பிரியும். ஆனாலும் கையில் பிடித்தால் பிடித்தது தெரிகிறது, உறையைப் புடவைகளுக்கு நடுவே வைத்தால் அலமாரி திறக்கும்போதெல்லாம் ஒரு சின்ன சந்தோஷம். உன் அண்ணனும் அண்ணியும் அலுவலகம் போயிருந்தபோது, புதுத் தாழ்ப்பாளோடு ஒரு கட்டிச் சோப்பும் வாங்கிவரச் சொல்லித் தச்சரை வரவழைத்தேன். வீட்டு ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்று அவர் தயங்கினார். "அந்த ஐயாவைக் குளிப்பாட்டி வளர்த்ததே நான்தான், நீங்க திருகாணியை முடுக்குங்க" என்றேன். செவிலிப் பெண்ணுக்கும் நானே தொலைபேசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்றுக் காலை நான் உள்ளே போய்த் தாழிட்டதும், வெளியே நாற்காலி இழுத்துப் போடும் ஓசை கேட்டது. "அம்மா, அப்பப்போ ஒரு குரலாவது குடு" என்றான். கெஞ்சலா அதட்டலா என்று பிரிக்கமுடியாத குரல். "தண்ணி விழுற சத்தம் கேக்குதில்ல, அது போதும்" என்றேன். அவனுக்கு அலுவலகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, நாற்காலி நகரவில்லை. நானும் அவசரப்படவில்லை. காது மடல், விரல் இடுக்கு, குதிகால் என்று ஒன்றையும் விடாமல் தேய்த்துக் குளித்தேன்.

நீயும் பிள்ளைகளும் குறைவில்லாமல் வாழ என் ஆசிகள். அடுத்த முறை வரும்போது புட்டியில் அடைத்த எதையும் பரிசென்று தூக்கிவராதே. அண்ணனுக்கு மறக்காமல் பதில் எழுது. எத்தனை சொல்லியும் அம்மா கேட்கவில்லை என்று எழுது, உண்மையும் அதுதான்.

இப்படிக்கு,
உன் அம்மா