மகளுக்கு அனுப்பிய துண்டு

பிரிக்பீல்ட்ஸ்,
14.5.1989

அன்பு மகள் சந்திரகலாவுக்கு அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் கை தானாக எழுதப் போனது, ஆனால் என் நலம் என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, செராஸிலிருந்து உன் அண்ணன் வாரா வாரம் வந்து போகிறான். உன் கடிதம் கிடைத்தது. என் நுரையீரல் கட்டியில் இரண்டு வகைப் புற்றுநோயும் கலந்துதான் இருக்கிறது, இரண்டு வகை அணுக்களிலும் டிஎன்ஏ ஒரே அளவில் கூடியிருப்பதால் ஒரே வேரிலிருந்து கிளம்பியிருக்கலாம், இங்கே ஆஸ்பத்திரியில் சதையைப் பார்த்த டாக்டர் ரமணி சொன்னதுதான் சரி என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்குத் தலை நிமிரவில்லை, கலா.

முதல் பரிசோதனையில் மெதுவாக வளரும் வகை என்றார்கள், நானும் கோயிலில் அன்னதானம் போட்டு, தப்பித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். பிறகு அந்தக் கட்டியிலேயே இன்னோர் இடத்தில் எடுத்த சதையில் வேகமான வகையும் இருக்கிறது என்று ரமணி சொன்னதும், யாருடைய சதையையோ என் பெயரில் மாற்றி வைத்துவிட்டாய் என்று வார்டே கேட்கும்படி கத்தினேன். ஒரே கட்டியில ரெண்டும் இருக்கும் அங்கிள், எதுவும் மாறல லா, மருந்தைச் சீக்கிரம் ஆரம்பிக்கணும் என்று அந்தப் பிள்ளை கெஞ்சியது. காப்பாரில் லோரி ஓட்டுகிறவன் மகளுக்கு என்ன தெரியும், கிளாஸ்கோவில் இதே சதைப் பரிசோதனை டாக்டராக இருக்கும் என் மகள் பார்த்துச் சொன்னால்தான் நம்புவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ரயில்வேயில் தண்டவாளம் தூக்கிய நான் பேசுகிற பேச்சா அது? அந்தச் சதைத் துண்டு உன்னிடம் வந்தது அப்படித்தான், மருந்து இல்லாமல் இரண்டு மாதம் வீணாய்ப் போனதும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன். ரமணி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டது, அடுத்த வாரமே மருந்து ஆரம்பிக்கலாம் என்றது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கிளம்பும்போது, சந்திரகலா எப்படி இருக்காங்க அங்கிள், அப்பாவோடதுன்னு தெரிஞ்சே பாத்திருக்காங்களே, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா என்று கேட்டது. எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. உன்மேல் வைத்த நம்பிக்கை என்று நினைத்துத்தானே அனுப்பினேன். தெரியாத சீமையில் தனியாக உட்கார்ந்து அப்பன் நெஞ்சிலிருந்து எடுத்ததை நீ பார்த்திருக்கிறாய், பார்க்க வைத்த பாவி நான். உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று வெட்கமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான். இனி எடுக்கும் துண்டையெல்லாம் ரமணி பார்த்துக்கொள்ளும், நீ தொடாதே. லீவு கிடைத்தால் வா. வந்து என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு.

உன் அப்பா,
பக்கிரிசாமி