அரண்மனையில் நீங்கள் பார்த்த பாதி

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணன் மகன் வந்து காரை எடுத்துக்கொண்டு போனார். கிளப்பும் முன் பின்கதவைத் திறந்து, "இது உங்குளுதுங்களா?" என்று ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினார். ராசுவுக்காக நீங்கள் நனைத்துப் பிழிந்து பின்சீட்டில் விரிக்கும் துண்டு. வாங்கி முகர்ந்து பார்த்தேன். நாய் வாடை, அதற்கு மேல் நீங்கள் தெளிக்கும் எலுமிச்சைத் தண்ணீரின் மிச்சம். நாய்த் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று அழுத ஒரே ஆள் இந்தத் தெருவில் நானாகத்தான் இருப்பேன்.

கார் போனதும் அது நின்ற இடத்தில், எண்ணெய்க் கறையின் மேல், ராசு போய்ப் படுத்துக்கொண்டான். மே மாதம் வந்தால் ஊருக்குப் போவோம் என்பது அவனுக்கு எப்படியோ தெரியும். கீழ்வீட்டில் நீங்களும் மாடியில் குடித்தனமாக நானும் பன்னிரண்டு வருடம் இருந்தோம். அதில் ஏழு கோடை, நாயோடு சேர்த்து மூன்று பேராக ஊர் சுற்றினோம். கடைசியாகப் போன மைசூரில் நீங்கள் என்னிடம் ஒன்று சொல்ல வந்தீர்கள். நான் கேட்கவில்லை. அது என்னவென்று எனக்கு இப்போது தெரிந்தாக வேண்டும். அதனால்தான் ராசுவைக் கூட்டிக்கொண்டு மைசூருக்குப் புறப்பட்டேன்.

மே பிறந்தால் கோயம்புத்தூரே ஊட்டிக்கு ஓடும். உங்களுக்கு அது ஆகாது. "மலைக்குப் போயி முன்னாடி வண்டிப் பொகையக் குடிக்கறதுக்கு நம்ம காந்திபுரமே மேலு அம்மணி" என்பீர்கள். நமக்குக் கொச்சி, புதுச்சேரி, மைசூர் என்று நகரங்கள்தான். விடியற்காலையில் சுற்றுவோம், பொழுது சாய்ந்து சுற்றுவோம், நடுப்பகலில் லாட்ஜில் ஃபேனுக்கடியில் மல்லாந்து கிடப்போம். "மத்தியானம் அலையறவன் ஊரப் பாக்கறதில்ல, வெயிலத்தான் பாக்கறான்." தெருவில் இறங்குமுன் நீங்கள் ஒரு செருப்பைக் கழற்றி வெறுங்காலைத் தாரில் வைத்துப் பார்ப்பீர்கள். நம் கால் சுட்டால் ராசுவின் காலும் சுடும், திரும்பி அறைக்கு. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் உங்களுக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் இருந்த குரல் உங்களுடையது. லாட்ஜுக்கு நீங்கள்தான் பேசுவீர்கள். முதல் தடவை கொச்சிக்கு, "நானு, எங்க அம்மணி, அப்பறம் ராசுன்னு ஒருத்தரு வாராருங்க" என்று சொல்லிவிட்டீர்கள். போய் இறங்கினால் மேசைக்குப் பின்னால் இருந்தவர் ராசுவின் ஆதார் அட்டையைக் கேட்கிறார். ராசு அவருடைய செருப்பை முகர்ந்துகொண்டிருந்தான். அறை கிடைக்கவில்லை. நான்கு லாட்ஜ் ஏறி இறங்கினோம். அதற்குப் பிறகுதான், எடுத்த எடுப்பிலேயே நாய் வருகிறது என்று சொல்லிவிடுவது, தடுப்பூசிச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையிலேயே வைத்திருப்பது, அவன் படுக்கிற பழைய போர்வையைத் துவைக்காமல் கொண்டுபோவது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டோம். புது இடத்தில் சொந்த வாடை இருந்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

எங்கே போனாலும் உள்ளே நாயை விடமாட்டார்கள். கதவை மூடிய காரில் ஐந்து நிமிடம்கூட அவனை விட்டுவிட்டுப் போக உங்களுக்கு மனம் வராது, வேகிற வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. அதனால் முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் உள்ளே போவது, ஒருவர் மரத்தடியில் ராசுவோடு உட்காருவது. "பாதி ஊரு நீ பாரு, பாதி ஊரு நான் பாக்கறேன். ரூமுக்குப் போயி சொல்லிக்கலாம்." கொச்சியில் தேவாலயம் என் பாதி, அருங்காட்சியகம் உங்கள் பாதி. அந்த அருங்காட்சியகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் யார் கேட்டாலும் பார்த்த மாதிரி சொல்லுவேன், அவ்வளவு விவரமாக நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மைசூருக்குப் போன அன்று தப்பு என் பேரில்தான். புறப்படுவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே ராசுவுக்குச் சோற்றை நிறுத்திவிட வேண்டும் என்பது உங்கள் சட்டம். எனக்கு அது பொறுக்கவில்லை. வீட்டிலிருந்து கிளம்புகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. தபால்காரருக்கே ஒரு டம்ளர் மோராவது கொடுத்துத்தான் எங்கள் அம்மா அனுப்புவாள். நீங்கள் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, படிக்கட்டுக்கு அடியில் ஒரு கிண்ணம் தயிர்ச்சோறு வைத்தேன். அவனும் காட்டிக்கொடுக்காமல் சத்தமில்லாமல் நக்கித் தின்றான்.

சத்தியமங்கலம் தாண்டி, திம்பம் மலைப்பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் அத்தனையும் என் மடியில் வந்தது. காட்டுப் பாதை, நிறுத்த முடியாது. இன்னும் பதினெட்டு வளைவு, அந்த நாற்றத்தோடேயே நீங்கள் ஓட்டினீர்கள். மேலே போய் நிறுத்தி, அவன் வாயைத் துடைத்துத் தண்ணீர் காட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"உனக்குப் பாசம் வெக்கத் தெரியுது அம்மணி. பாத்துக்கத் தெரியலை."

கத்தியிருந்தால்கூட மறந்திருப்பேன். நிதானமாகச் சொன்னீர்கள். பார்த்துக்கொள்வதற்கென்று ஒரு ஜீவன் இல்லாத ஒண்டிக்கட்டை நான். அதை நான்தான் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். கோபம் வந்தால் எனக்கு வாய் பூட்டிக்கொள்ளும், உங்களுக்குத் தெரியாததில்லை.

அன்று சாயங்காலம் அரண்மனை உங்கள் முறை. நீங்கள் உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து, முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். "அம்மணி, உள்ள ஒண்ணு பாத்தேன். கேட்டீன்னா சிரிச்சே போவே."

"தலை வலிக்குதுங்க்கா. அப்பறமாச் சொல்லுங்க."

அறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீங்கள் கொஞ்ச நேரம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தீர்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். நான் கேட்பேன் என்று நீங்கள் காத்திருந்தீர்கள், நீங்களாகச் சொல்லட்டும் என்று நானும் வீம்பாகக் கிடந்தேன். ஊருக்கு வந்தும் அது அப்படியே போயிற்று. அடுத்த மே மாதம் மாடிக்கு வந்து, "இந்த வருசம் எங்க போலாம்?" என்று கேட்டீர்கள். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் லீவு தரவில்லை என்றேன். நான் லீவே கேட்கவில்லை, அக்கா. நீங்களும் ராசுவும் அந்தக் கோடை முழுக்க வீட்டிலேயே இருந்தீர்கள். ஐப்பசி மழையில் ஒரு காலை, பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாடகைக் கார்க்காரர்கள் ஐந்து பேர், "நாயிங்களா? சீட்டு வீணாப் போயிருமுங்க" என்றார்கள். ஆறாவதாகச் சோமனூர்க்காரர் ஒருவர், "எங்கூட்லயும் ஒண்ணு கெடக்குதுங்க, வாரேன்" என்றார். புதன்கிழமை விடிய வந்துவிட்டார். சத்தியமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது கையில் ஒரு பன்னோடு ராசுவிடம் போனார்.

"வேண்டாமுங்க. மேல போயித்தான் குடுக்கோணும்."

"ஏனுங்க, வாயில்லா சீவன வெறும் வயித்தோட கூட்டிட்டுப் போறீங்க? பாவமுங்க."

என்னையே எதிரில் நிறுத்திப் பார்த்த மாதிரி இருந்தது. பன்னை வாங்கி என் பையில் போட்டேன். கல்நெஞ்சக்காரி என்று நினைத்திருப்பார். ராசு ஜன்னல் இடுக்கில் மூக்கை வைத்துக் காற்று வாங்கிக்கொண்டே வந்தான். நான் ஒவ்வொரு வளைவாக எண்ணினேன். ஒன்பது தாண்டியது. இருபத்தேழும் தாண்டியது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இடத்தில் உங்கள் முகத்தை ஒரு தடவை பார்க்கவேண்டும் போலிருந்தது. முன்சீட்டில் ஓட்டுநரின் பின்னந்தலைதான் தெரிந்தது.

அரண்மனை வாசலில் நாலு மணிக்கு ராசுவோடு நின்றபோதுதான் உறைத்தது. முறை வைத்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். ஒருத்தியாக வந்தால் எந்த ஊரானாலும் மரத்தடி மட்டும்தான். ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நா புடிச்சுக்கறேனுங்க, நீங்க போயிட்டு வாங்க" என்று கயிற்றை வாங்கிக்கொண்டார். உங்கள் முறையில் நான் உள்ளே போனேன்.

எல்லோரும் மேலே கூரையைப் பார்த்தார்கள். நான் உங்களுக்குச் சிரிப்பு வரக்கூடியது எது என்று தேடிக்கொண்டு போனேன். வரிசையில் பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள். இரண்டு இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஊர்வல ஓவியத்தில் எல்லோரும் விறைப்பாகப் போக, ஒருவர் மட்டும் நம் வீட்டுக்கு மீட்டர் பார்க்க வருகிறவரின் அதே முகத்தோடு, அதே சலிப்போடு போகிறார். இன்னொரு பக்கம் ஒரு சிங்கம், கம்பீரமாக இருக்கவேண்டியது, சோற்றுக்காகத் தட்டருகே நிற்கிற ராசு மாதிரி இருக்கிறது. இரண்டில் ஒன்று நீங்கள் பார்த்ததாக இருக்கலாம். இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம். அங்கே பார்ப்பதற்கு ஆயிரம் இருக்கிறது அக்கா, நான் உங்கள் கண்ணை அறிந்த மட்டும்தான் தேட முடிந்தது.

வெளியே வந்தேன். "எப்படி இருந்துதுங்க?" என்றார் ஓட்டுநர். "நல்லா இருந்துதுங்க" என்றேன்.

அறைக்கு வந்து ராசுவுக்குப் போர்வையை விரித்தேன். சோறு வைத்தேன், தின்றான். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மீட்டர்காரரைப் பற்றியும் சிங்கத்தைப் பற்றியும் வாய்விட்டுச் சொன்னேன், நீங்கள் சொல்வதுபோல் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, "செரிங்க்கா, நீங்க உள்ள என்ன பாத்தீங்க? சொல்லுங்க" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, நீங்கள் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.