ஒரு பக்கத்தில் இரண்டு கை

மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். நம் வாயாடியை உன் ஆன்லைன் எழுத்து வகுப்பில் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி. வாயாடி என்று பெயர்தான். அவள் அப்பா இறந்துபோனதிலிருந்து 'ம்', 'வேண்டாம்' என்ற இரண்டு சொல்லில் நாளை ஓட்டுகிறாள். பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே நான் பாடம் எடுப்பது சரியா என்று மறுபடி ஆரம்பிக்காதே. பதினைந்து வயதுப் பெண் என் கண் முன்னால் இருக்கிறாள், அது போதும்.

எனக்கு எதுவும் உறைப்பதில்லை. குழம்பில் உப்பு போட்டேனா என்பதைக்கூட அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

வீட்டு விஷயம் எதையும் எழுதச் சொல்லாதே. மழை, மரம் என்று ஏதாவது கொடு.

உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்கா,

மழை, மரம் என்றால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். எல்லாருமே வீட்டில் இருந்து படிக்கிறவர்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். அதனால் 'உங்கள் வீட்டில் ஓர் அறை' என்று கொடுத்தேன்.

என் வகுப்பில் எல்லாரும் ஒரே பக்கத்தில் எழுதுவார்கள். ஒருவர் தட்டுவது அப்போதே மற்றவர்கள் திரையிலும் ஓடும். வாயாடி எழுதினாள்: "அம்மா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். எனக்குக் கேட்காத மாதிரி நான் பாட்டுப் போடுகிறேன்." நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரிகள் அழிந்தன. அதே இடத்தில், "எங்கள் குளியலறை தூய்மையாகவும் காற்றோட்டமாகவும் உள்ளது" என்று வந்தது.

"மிஸ், அவ வீட்ல பேய் டைப் அடிக்குது" என்றான் ஒரு பையன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் கேமராவை அணைத்துவிட்டாள்.

அக்கா, அந்தப் பேய் நீதானே?

உன் தங்கை

மார்ச் 24

அன்புத் தங்கைக்கு,

ஆமாம், நான்தான். அவளுடைய பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். சமையலறையில் உட்கார்ந்து போனில் பார்க்கிறேன்.

நான் அழுவதில்லை. குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்கிறேன், அவ்வளவுதான். தப்பாக எழுதினால் பெற்றவள் திருத்தக் கூடாதா? முன்பின் தெரியாத பிள்ளைகள் முன்னால் என் வீட்டுக் குளியலறை எதற்கு?

இதையும் சொல்லிவிடுகிறேன். அவள் மனதில் என்ன ஓடுகிறது என்பது எனக்குத் தெரிவது அந்தப் பக்கத்தில் மட்டும்தான். அவள் தட்டத் தட்டப் படிக்கிறேன். தயவுசெய்து அதை அடைத்துவிடாதே.

உன் அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

அடைத்துவிட்டேன். பாஸ்வேர்டை மாற்றியாயிற்று. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

நேற்று வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவள் போகவில்லை. "சித்தி, எனக்கு ஸ்கூலுக்குப் போகணும். அம்மாகிட்ட கேட்டா திட்டமாட்டாங்க, ஒண்ணுமே சொல்லாம நிப்பாங்க. அதான் பயமா இருக்கு" என்றாள். நீயே கேள், அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும் என்றேன். கொஞ்சம் சிரித்தாள்.

எங்கள் தெருமுனையிலேயே ஒரு பள்ளி இருக்கிறது. அவள் இங்கே இருந்து படிக்கட்டும். உன்னையும் வா என்று கூப்பிட்டால் வரமாட்டாய், ஆனாலும் கூப்பிடுகிறேன்.

உன் தங்கை

ஏப்ரல் 11

அன்புத் தங்கைக்கு,

கேட்டாள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "போ" என்றேன். "நிஜமாவா?" என்றாள். "நிஜமாத்தான்" என்றேன். அழுகை வரும் என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வரவில்லை. மிச்சக் காயையும் நறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறாள். விளக்கு எரிந்தால்தான் தூங்குவாள், மின்சாரம் வீண் என்று அணைத்துவிடாதே. புது இடத்தில் முதல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடமாட்டாள், வற்புறுத்தாதே. நான் இப்போதைக்கு வரவில்லை. வந்து அங்கேயும் குழாயைத் திறந்துவிட்டு நிற்கவேண்டாம்.

ஒன்றே ஒன்று. அவள் எழுதுவது எதையும் எனக்கு அனுப்பாதே. எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாள் பார் என்று ஒரு வரிகூட வேண்டாம். கையில் கிடைத்தால் திருத்திவிடுவேன்.

அக்கா