சலீம் நானாவுக்குச் சொல்லாமல் திறந்த மதகு

செவ்வாய், இரவு

காலையில், கடலோடு சேர்ந்த களப்பு ஏரிக் கரையிலுள்ள எங்கள் இறால் குளத்து மூலையில் கொஞ்ச இறால் செத்து மிதந்தது. பல்கலைக்கழகத்தில் கிருமிகளைப் பற்றிப் படிக்கிற மகள் றீற்றா பார்த்துவிட்டு, "அப்பா, இந்தத் தண்ணியக் களப்புக்கு விடாதீங்க" என்றாள்.

"தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு, பிள்ள."

"தண்ணியில அந்தக் கிருமி சும்மாதான் கிடக்கும். ஊசி மாதிரி ஒரு சாமான மூடி வச்சிருக்கும். இறால்ட குடல்ல முட்டினாத்தான் அதால நஞ்ச ஏத்தும்."

"அப்ப என்னை விடக் கெட்டிக்காரன்தான்" என்று சிரித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்குச் சிரிப்பில் குறைச்சல் இல்லை.

நோய் கண்டால் பக்கத்துப் பண்ணைக்குச் சொல்லிவிட்டுத்தான் இங்கே மதகு திறப்போம். சொன்னால் என் இறாலை ஒருவரும் வாங்க வரமாட்டார்கள் என்ற பயத்தில், பின்னேரம் சொல்லாமலே களப்புக்குப் போகிற வாய்க்காலில் திறந்துவிட்டேன். அதே வாய்க்காலில் பக்கத்துப் பண்ணைச் சலீம் நானா பம்பு போட்டுத் தன் குளத்துக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு கை காட்டினார். நானும் காட்டினேன். கையைத் தூக்கத் தெரிந்தவனுக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லை.

றீற்றா சோறு போட்டுத் தந்தாள்.

அந்தப் பம்பு ஓடுகிற சத்தம் இங்கே இன்னும் கேட்கிறது. எழுதிக்கொண்டிருந்தால் அது நிற்காது. சட்டையைப் போட்டுக்கொண்டு சலீம் நானாவிடம் சொல்லப் போகிறேன்.